அக்கட்டால உக்காந்தவ

ஒண்ணும் தொலைக்கலீங்க அம்மணி. கை தானா நெஞ்சுக்குப் போகுது, அவ்வளவுதான். இருவத்திரண்டு வருசமா இந்த எடத்துல ஒரு கேமரா தொங்கிட்டே இருந்துச்சுங்க. இன்னைக்கு இல்லை. பல்லுப் புடுங்குன எடத்துக்கு நாக்கு போயிப் போயி வர்றாப்பல, கை அங்கயே போகுது. பயந்துக்காதீங்க, நெஞ்சு வலியெல்லாம் இல்லை.

என்ற பேரு திருமூர்த்தி. கோயமுத்தூர் கணபதியில மோட்டாருக்குக் காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கறனுங்க. நீங்க? திருச்சிங்களா? தனியாவா ஊட்டி போறீங்க? நல்லது. என்ற வூட்டுக்காரியும் இந்த வண்டியில தனியாத்தான் போவா. பதினொரு வருசமாப் போனா. இப்ப அதுதான் வம்பாப் போச்சு.

இன்னைக்கு எனக்குப் பரீட்சைங்க. சிரிக்காதீங்க. அம்பத்தொம்பது வயசுல பரீட்சை. பூங்கொடி, அதான் என்ற வூட்டுக்காரி, குன்னூர் ஸ்டேஷன்ல வந்து நிப்பா. இந்த வண்டி போயி நின்னதும் ஒரே ஒரு கேள்வி கேப்பா. வர்ற வழியில என்ன பாத்தீங்க? ஒழுங்காப் பதில் சொன்னா என்றகூட வூட்டுக்குத் திரும்பி வருவா. சொல்லலைன்னா நான் மட்டும் பஸ்ஸேறிக் கீழ போகோணும், அவ அருவங்காட்டுல தங்கச்சி வூட்டுலயே இருந்துக்குவா. நாப்பது நாளாச்சுங்க அவ போயி. வூடு வூடாட்டமே இல்லை. ஒத்தை ஆளுக்கு அரிசி எத்தனை போடறதுன்னுகூடத் தெரியாம, முந்தாநேத்து ஆறு பேரு சாப்பிடற சோத்தை ஆக்கிப்போட்டேன்.

கேமரா கொண்டாரக் கூடாது, போன்லயும் படம் எடுக்கக் கூடாது, கீழ இருந்து உக்காந்து வரோணும். அது அவ போட்ட சட்டம். ஆனா கேள்வி சுளுவுதானுங்க. இந்த லைனு எனக்கு மனப்பாடம். எந்த வளைவுல எத்தனை மணிக்கு வெய்யில் உழும், எந்தப் பாலத்துல புகை நேரா எந்திரிக்கும், எங்க காத்தடிச்சு மடங்கும், எல்லாம் எனக்குத் தெரியும். அதனால நான் ஒண்ணும் பயப்படலை. நிம்மதியாப் பேசிட்டு வர்றேன். நீங்க பன்னு சாப்பிடுங்க.

எனக்கு ரயிலைப் படம் எடுக்கறதுன்னா பைத்தியம். சீட்டாட்டம் இல்லை, தண்ணி இல்லை, பொடி இல்லை, இது ஒண்ணுதான். எங்களாட்ட ஆளுக நெறையப் பேரு இருக்கறாங்க. 'நீராவிச் சொந்தங்க'ன்னு வாட்ஸ்அப் குரூப்பு, நூத்தி நாப்பது பேரு. பல் டாக்டரு இருக்கறாரு, கல்யாணச் சமையக்காரரு இருக்கறாரு. உக்கடத்துல பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்கற இதயதுல்லா பாய்தான் நமக்கு உசுருக்கு உசுரு. மேட்டுப்பாளையத்துல வண்டி கெளம்புனா பாய்க்குத் தகவல் வந்துரும். ரெண்டு பேரும் கார்ல தொரத்துவோம். கல்லாறு கேட்டுல ஒரு படம். அப்புறம் மலை ரோட்டுல வேகு வேகுன்னு ஏறி காட்டேரி வளைவுல ஒரு படம். காட்டேரிதான் முக்கியம். ரோட்டுல இருந்து பாத்தா மொத்த வண்டியும் ஒரே படத்துக்குள்ள வந்துரும்.

நான் இந்த வண்டிக்குள்ள ஏறுனதே இல்லீங்க. இன்னைக்குத்தான் மொதோ தடவை. ஏன் அப்படிப் பாக்கறீங்க? யோசிச்சுப் பாருங்க. மலை ஏறறப்ப எஞ்சின் பின்னால இருந்து தள்ளுது. உள்ள உக்காந்தா எஞ்சின் மூஞ்சியே தெரியாது. புகை தெரியாது. சத்தம் மட்டும்தான் கேக்கும். அப்புறம் எதுக்கு ஏறோணும்?

பதினொரு வருசத்துக்கு முந்தி, மகளைக் கட்டிக்குடுத்துத் தாட்டி உட்ட புதுசுல, பூங்கொடி ஒருநாள் கேட்டா. எனக்கும் அந்த வண்டியில ஒருக்காப் போகோணும், கூட்டிட்டுப் போறீங்களான்னா. பேஷாப் போலாம்னேன். மூணு மாசத்துக்கு முன்னாடியே டிக்கெட் போட்டு, வெடியால நாலு மணிக்கு எழுப்பிக் கூட்டிட்டு வந்து, ஜன்னல் சீட்டுல உக்கார வெச்சு, தண்ணி பாட்டிலு முறுக்குப் பொட்டணமெல்லாம் கையில குடுத்துட்டு எறங்குனேன். அவ, நீங்கன்னா. நான் கார்ல வர்றேன் புள்ள, வெளிய நின்னாத்தான எடுக்க முடியும்னேன். சரிங்கன்னா. எத்தனை சந்தோசம் அவ மூஞ்சியில. பேச்சே வரலை அவளுக்கு.

அன்னைக்குக் காட்டேரியில நான் எடுத்த படத்துல பாருங்க, மூணாவது பெட்டி ஜன்னல்ல ஒரு கை. பூங்கொடி என்னையப் பாத்துட்டுத் தானா ஆட்டியிருக்கறா. குரூப்புல போட்டேன். அத்தனை பேரும் பாராட்டுனாங்க. வெறும் வண்டிப் படமா இல்லாம உசுரு வந்துருச்சு, அந்தக் கைதான் படமேன்னாங்க. அன்னைக்குப் புடிச்சேன் அந்த ஐடியாவை. அதுக்கப்புறம் வருசம் மூணு தடவை, நாலு தடவை, பூங்கொடிக்கு டிக்கெட் போட்டுருவேன். ரோட்டுப் பக்கத்து ஜன்னலு, மூணாவது பெட்டி. எத்தனை பேரு அவங்கவங்க பொண்டாட்டிக்கு இத்தனை தடவை டூர் டிக்கெட் போட்டிருப்பாங்க, சொல்லுங்க பாக்கலாம்.

டிக்கெட் மட்டுமா? சேலை எடுத்துக் குடுப்பேன். செவப்புத்தான். பச்சை மலையில செவப்புத்தான் எடுப்பாத் தெரியும். ஒருக்கா கடையில அவ மயில் கழுத்துக் கலர்ல ஒண்ணை எடுத்து மேல போட்டுப் பாத்துட்டு நின்னா. அது மலையோட மலையாக் கரைஞ்சு போயிரும் புள்ள, ஒண்ணுமே தெரியாதுன்னு எடுத்துச் சொன்னேன். புரிஞ்சுக்கிட்டா, மடிச்சு வெச்சுட்டா. அந்த வெசயத்துல தங்கம். கையை வேகமா ஆட்டாத, கலங்கிப் போயிரும்னா மெதுவா ஆட்டுவா. கொஞ்சம் ஈ ஓட்டறாப்பல இருக்கும், ஆனாப் பரவால்லை.

இருங்க, குகை வருது. கத்துவாங்க. இந்த வண்டியில குகை வந்தா எல்லாரும் ஓன்னு கத்தோணும், அது ஒரு வழக்கம். கத்தட்டும்.

ம். முடிஞ்சுது. என்னத்தை அப்படி எட்டி எட்டிப் பாக்கறீங்க? இதைக் கேளுங்க, இப்பத்தான் முக்கியமான எடம் வருது.

பின்னால சத்தம் கேக்குதுங்களா? கொஞ்சம் இழுத்து இழுத்து மூச்சு உடறாப்பல? அதான் மூத்தவ. மத்த எஞ்சின் எல்லாம் எண்ணெய் ஊத்தி ஓட்டறது, புகை மெல்லிசா ஒண்ணுக்குமாகாம வரும். இவ கரி எஞ்சின். பதினேழு வருசம் துருப்புடிச்சு ஓரமாக் கெடந்தா. நாங்க குரூப்புக்காரங்க மனு மேல மனுவாப் போட்டோம். கடைசியில பாயிலர்ல இருந்து பல் சக்கரம் வரைக்கும் பிரிச்சு மேஞ்சு, புதுசு போட்டு, திரும்ப ஓட உட்டாங்க. மூத்தவன்னு பேரு வெச்சது பூங்கொடிதான். நான் அந்த எஞ்சினைப் பத்தியே பேசிட்டிருக்கறதப் பாத்துட்டு ஒருநாள், "உங்க மூத்தவளுக்கு ஒடம்பு எப்படி இருக்குதுங்க?"ன்னா. எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. குரூப்புல சொன்னேன், எல்லாரும் அதையே வெச்சுட்டாங்க. அவ என்னமோ அதுக்கப்புறம் அந்தப் பேரைச் சொல்லவே இல்லை.

ஹில்குரோவ் வந்துருச்சு. எஞ்சினுக்குத் தண்ணி புடிப்பாங்க. எறங்கி டீ குடிச்சுட்டு வாங்க, நான் பைக்குக் காவலா இருக்கறேன். நான் எறங்க மாட்டேங்க. எறங்குனா மூத்தவளைப் பாப்பேன், பாத்தா யாருகிட்டயாவது கேமராவைக் கடன் கேட்டுப்போடுவேன். சட்டம்னா சட்டம்.

வாங்க. குரங்கு எதையும் புடுங்கலியே? சரி, எங்க உட்டேன்?

மூத்தவ திரும்ப ஓடுன மொதோ நாளு. மார்கழி. குளுருல புகை சும்மா கெட்டியா நிக்கும். காட்டேரியில மட்டும் நாப்பது பேரு வரிசை கட்டி நிக்கறோம். எங்களுக்குள்ள ஒரு முறை இருக்குதுங்க, வரிசைக்கு முன்னால ஒருத்தரும் கால் வெக்கக் கூடாது. நான் வெடியால இருந்து நின்னு நடு எடத்தைப் புடிச்சுட்டேன். பூங்கொடி மூணாவது பெட்டியில வர்றா. செவப்புச் சேலை. வண்டி வளைவுல திரும்புது. பின்னால மூத்தவ கரும்புகையைக் கக்கிட்டுத் தள்ளறா. ஜன்னல்ல செவப்பு. அப்ப ஒரு கை வெளிய வந்துச்சு பாருங்க, முழங்கை வரைக்கும் வெளிய நீட்டி, ஒரு ஆட்டு. அப்பிடி ஒரு ஆட்டு! பதினொரு வருசத்துல அந்த மாதிரி ஆட்டுனதே இல்லை. தொடர்ந்து முப்பது படம் அமுக்கிட்டேன். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

குன்னூர்ல அவளைக் கார்ல ஏத்திட்டு, இப்பத்தான் உனக்குக் கை ஆட்டவே தெரிஞ்சிருக்குதுன்னு சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லலை. சொன்னேன்ங்கறா இப்ப. இன்னைக்கு நான் அக்கட்டால, எதுத்த ஜன்னல் பக்கம் உக்காந்துட்டு வந்தேனுங்கன்னு கார்ல வெச்சே சொன்னாளாம். என்னென்ன பாத்தேன்னுகூட வரிசையாச் சொன்னாளாம். எனக்கு அப்படி ஒரு ஞாபகமே இல்லை. நான் கேமராவுல படத்தைப் பெருசு பண்ணிப் புகையைப் பாத்துட்டிருந்திருப்பேன். அந்த நேரத்துல சொன்னா?

அந்தப் படத்துக்குத்தான் இந்த வருசக் கண்காட்சியில மொதோ பரிசு. கோயமுத்தூர்ல ஒரு கல்யாண மண்டபத்துல வெச்சோம். ஆள் உசரத்துக்குப் பெருசாப் போட்டு நானே மாட்டுனேன். கீழ அட்டையில எழுதி வெச்சேன், 'மூத்தவளும் இளையவளும்'னு. வெடியால இருந்து பக்கத்துலயே நின்னு, வர்றவங்களுக்கெல்லாம் வெளக்கம் சொன்னேன். பொழுதோட பரிசு குடுக்கறப்ப, வந்திருந்த பெரியவரு மைக்குல சொல்றாரு, படத்துல இருக்கற அம்மாவும் வந்திருக்காங்க, அவங்களும் மேடைக்கு வரோணும்னு. எல்லாரும் கை தட்டறாங்க. பூங்கொடி எந்திரிச்சு வந்தா. மேடையில ஏறலை. படத்துக்கு முன்னால போயி நின்னா. நல்லா உத்துப் பாத்தா.

"இது நானில்லைங்களே"ன்னா.

அவ சாதாரணமாச் சொல்லிட்டுப் போறா. "இது சேலத்து அம்மா, அன்னைக்கு அவங்களும் செவப்புத்தான் கட்டியிருந்தாங்க. பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கறாங்களாம். ரொம்ப நல்லவங்க, எனக்கு ஆரஞ்சுப் பழம் உரிச்சுக் குடுத்தாங்க. அவங்க அக்கட்டால உக்காந்திருந்தாங்க. ஒரு நாளைக்கு நான் அங்க உக்காந்து பாக்கட்டுமான்னு கேட்டேன், எடம் மாத்திக்கிட்டோம். காட்டேரியில என்ற வூட்டுக்காரரு நிப்பாரு, பாத்துக் கை ஆட்டுங்க, பாவம்னு நான்தான் சொல்லி உட்டேன்."

பாவம்னாங்க! நூத்தி நாப்பது பேத்துக்கு முன்னால! ஒருத்தரு சிரிச்சாரு, அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. இதயதுல்லா பாய் மட்டும் சிரிக்கலை. அவரு படத்துக்கிட்டப் போயிப் பாத்துட்டு என்ற காதுல சொல்றாரு, மூர்த்தி, இந்தம்மா கண்ணாடி போட்டிருக்குது, கையில கடியாரம் கட்டியிருக்குது, பல்லெல்லாம் தெரியுது, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மூஞ்சி இருக்குது, காலையில இருந்து நீ என்னத்தைப் பாத்துட்டு நின்னன்னு. புகையைப் பாத்தேன் பாய்ன்னேன். உண்மையைத்தான சொன்னேன்.

அதுமட்டுமில்லீங்க. அந்தப் படத்தைச் சின்னதாப் போட்டு வூட்டு ஹால்லயும் மாட்டியிருந்தேன். ரெண்டு மாசம் அதுக்குக் கீழதான் உக்காந்து சாப்பிட்டேன். தெனமும் அவ அதைப் பாத்துட்டுத்தான் சோறு போட்டிருக்கறா. ஒரு வார்த்தை சொல்லலாமில்ல? நானாக் கண்டுபுடிக்கறனான்னு பாத்துட்டிருந்தாளாமா. என்ன லொள்ளு பாருங்க.

திரும்பி வர்றப்ப கார்ல நல்லாச் சத்தம் போட்டேன். மானத்தை வாங்கிட்டயேன்னேன். காந்திபுரம் சிக்னல்ல நிக்கறப்பத்தான் கேட்டா. "அந்தம்மா கண்ணாடி போட்டிருந்தாங்க. நான் போட்டிருக்கறனாங்க?"

திரும்பி அவ மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் சொன்னேன். இல்லை, போடலைன்னு.

அவ அழுகலை, சண்டை போடலை. வூட்டுக்கு வந்து தோசை ஊத்திக் குடுத்தா. சட்னிகூட அரைச்சா. மக்காநாளு வெடியால பையை எடுத்துட்டுத் தங்கச்சி வூட்டுக்குப் பஸ்ஸேறிட்டா. எத்தனை செவப்புச் சேலைங்க, ஒண்ணைக்கூட எடுத்துட்டுப் போகலை. எட்டு நாள்ல வந்துருவான்னு நெனச்சேன். நான் கூப்புட்டா எடுப்பா, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேப்பா, வெச்சுருவா. எப்ப வருவேன்னு கேட்டா மட்டும் பதில் இல்லை. நாப்பது நாளு. ராத்திரியில பட்டறையைப் பூட்டிட்டு வூட்டுக்குப் போகவே காலு வரமாட்டேங்குது. கடைசியில போன வாரந்தான் இந்தப் பரீட்சையைச் சொன்னா, டிக்கெட்டையும் போன்ல அனுப்புனா.

ஏனுங்க அம்மணி, நீங்களே சொல்லுங்க. நான் என்ன தப்புப் பண்ணேன்? ஒரு படத்துல ஆளு மாறிப்போச்சு. அதுக்கு நாப்பது நாளா?

சரி உடுங்க, நீங்களும் பொம்பளையாளு, அவ பக்கந்தான் பேசுவீங்க. பரீட்சைக்கு வருவோம். பதிலைச் சொல்லிப் பாக்கறேன், கேட்டுட்டுச் சரியான்னு சொல்லுங்க. ஒண்ணு, கல்லாறு தாண்டுனதும் பாக்குத் தோப்பு, அதுக்கு மேல மலை எந்திரிச்சு நிக்கறது. ரெண்டு, பர்லியாறுக்கு எதுத்தாப்பல, காட்டுக்குள்ள இருந்து புகை மட்டும் தனியா மேல வர்றது. மூணு, காட்டேரி வளைவுல மொத்த வண்டியும் பாம்பாட்டத் திரும்பறது. எப்படி?

என்னங்க?

ரோட்டுல நின்னாத்தான் அப்படித் தெரியும்ங்கறீங்களா?

அட, ஆமா. உள்ள உக்காந்திருக்கறவனுக்கு மொத்த வண்டி எப்படித் தெரியும்? புகை மேல வர்றது எப்படித் தெரியும்? அவ புடிச்சுப்போடுவா. மொதோ பதில்லயே புடிச்சுப்போடுவா. இப்ப எங்க வந்திருக்கறோம்? ரன்னிமேடு போயிருச்சா? எப்பப் போச்சு? நான் பாக்கவே இல்லையே. குகைக கூட ரெண்டுதான என்ற கணக்குல இருக்குது. அத்தனையும் போயிருச்சுங்களா?

அம்மணி, நீங்க பாத்துட்டே வந்தீங்களே. நான்தான் கேளுங்க கேளுங்கன்னு இழுத்துட்டே இருந்தேன். கொஞ்சம் சொல்லுங்க, புண்ணியமாப் போகும். அக்கட்டால என்னதான் இருந்துச்சு? மெதுவாச் சொல்லுங்க, நான் மனசுல ஏத்திக்கறேன். ஒரு அருவி. சரி. வெள்ளையா, நூலாட்ட, பாறையில பட்டுப் பட்டு எறங்குது. சரி. ஒரு காட்டெருமை, கன்னுக்குட்டியோட. குட்டி தாயி வயித்துக்கு அடியில நின்னுச்சா? சரி. பாலத்துக்கடியில தண்ணி, கூழாங்கல்லு தெரியற அளவுக்குத் தெளிவு. ஒரு மரத்துல கீழ இருந்து மேல வரைக்கும் பூவு. என்ன கலரு? ஊதாவா. சரி, சரி. போதும். அருவி, எருமை, கல்லு, ஊதாப் பூவு. அருவி, எருமை, கல்லு, ஊதாப் பூவு.

இவ்வளவும் இருந்துச்சா இந்தப் பக்கம்?

போன் அடிக்குது. அவதான். டவர் கெடைச்சிருச்சு போல. ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாடியே கேக்கறாளே.

அலோ, பூங்கொடி. ஆமா, வந்துட்டேன், காட்டேரி தாண்டியாச்சு. ஏன் பாக்காம? பாத்தேன், பாத்தேன். ஒரு அருவி. வெள்ளையா, நூலாட்ட, பாறையில பட்டுப் பட்டு எறங்குது. அப்புறம் ஒரு காட்டெருமை, கன்னுக்குட்டியோட. குட்டி தாயி வயித்துக்கு அடியில நிக்குது. அப்புறம் கூழாங்கல்லு. அப்புறம் ஒரு மரம் பூராவும் ஊதாப் பூவு.

என்னது?

யாரு பாத்தாங்கன்னா கேக்கற?

இல்லை புள்ள. நான் பாக்கலை. எதுத்தாப்பல திருச்சிக்கார அம்மணி ஒண்ணு உக்காந்திருக்குது. அது பாத்துது. அது சொன்னதை நான் சொன்னேன். நான் ஒண்ணுமே பாக்கலை. கல்லாறுல இருந்து பேசிட்டே வந்துட்டேன். நெசமாத்தான் சொல்றேன், குகைகூட எத்தனைன்னு தெரியாது. யாரைப் பத்தியா? உன்னையப் பத்தித்தான். வேற யாரைப் பத்திப் பேசறது எனக்கு? ஆமா. மூணு மணி நேரமும். மூணு மணி நேரமும் உன்னையப் பத்தித்தான்.

அலோ? பூங்கொடி?

கட்டாயிருச்சா, அவளா வெச்சுட்டாளான்னு தெரியலீங்க. சிரிச்சாளா அழுதாளான்னும் தெரியலை. மூச்சுச் சத்தந்தான் கேட்டுச்சு. போச்சுங்க. பெயிலு. பஸ்ஸுதான் இனி. நீங்க சொன்னதை அப்படியே சொன்னேனில்லீங்க, ஒண்ணுகூட மாத்தலை. எப்படிக் கண்டுபுடிச்சா?

ஏதோ அனுப்பியிருக்கறா. எழுத்து பொடுசா இருக்குது, நீங்க படிங்களேன். ம். 'எறங்காதீங்க. நான் அனுப்புன டிக்கெட்டையாவது முழுசாப் படிச்சீங்களா?' அப்படியா போட்டிருக்குது? டிக்கெட்டா? மேட்டுப்பாளையம்னு இருந்துச்சு, ஏறுனேன், அவ்வளவுதான் பாத்தேன். அதுலயே பாருங்க, மேல தள்ளுங்க. எங்க வரைக்கும் போட்டிருக்குது?

ஊட்டி வரைக்குமா?

ரெண்டு பேரா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. திருமூர்த்தி, ஆம்பளை, அம்பத்தொம்பது. பூங்கொடி, பொம்பளை, அம்பத்தஞ்சு. ரெண்டு பேத்துக்கும்தான் போட்டிருக்கறாளா? அப்ப பரீட்சை, பதிலு எல்லாம் எதுக்கு? பாஸானாலும் பெயிலானாலும் ஏறத்தான் போறாளா?

வண்டி நிக்குதுங்க. குன்னூரு. அங்க, அங்க பாருங்க, அந்தத் தூணுக்கிட்ட, மயில் கழுத்துக் கலர்ல நிக்கறாளே, அவதான். முடி நரைச்சிருக்குதுங்க. முன்னால காதுக்கு மேல பூராவும் நரைச்சிருக்குது. நாப்பது நாள்ல நரைச்சிருக்காதில்லீங்க?

வர்றா. என்னையப் பாத்துட்டா. ஏ புள்ள, இங்க, இந்தப் பெட்டி! பையைக் குடு. பாத்து ஏறு, படி உசரம். நான் எந்தப் பக்கம் உக்காரட்டும்? இக்கட்டாலயா, அக்கட்டாலயா?

"என்ற பக்கத்துல"ங்கறா.

அம்மணி, கோவிச்சுக்காதீங்க, அந்தப் பையைக் கொஞ்சம் மேல வெச்சுக்கறீங்களா? ரெண்டு பேரு உக்காரோணும்.